புள்ளிமானுக்கு நாம் கற்பித்த பாடம்

ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் என்றும் நம்மவர் வாயில் உவர்மலை என்றும் வழங்கும் இந்த மேட்டுப் பகுதியில், காலை வேளையில் வாசலில் வந்து நிற்பவர் எவருக்கும் பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் சங்கீதம் காதில் விழாமற் போவதில்லை. ஜெர்மானிய தேசத்து மேதை பீத்தோவன் 1810ஆம் ஆண்டில் பியானோவுக்கென்று இயற்றிய ‘எலீஸுக்காக’ என்னும் சிறு உருப்படி, பல கடல்களைக் கடந்து வந்து, இலங்கையின் தெருக்களிலே ‘சூன் பாண்’ வண்டியின் அழைப்பொலியாக நிலைபெற்றுவிட்டது. எங்கள் ஒழுங்கையின் முனையில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் நிழலில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு செவலை நாய் படுத்திருப்பது வழக்கம். எத்தனை முச்சக்கர வண்டிகள் இரைந்துகொண்டு போனாலும் காதைக்கூட அசைக்காத அந்த நாய், தூரத்திலே இந்த இசையின் முதற் சில ஸ்வரங்கள் எழுந்த மாத்திரத்தில், வண்டி கண்ணுக்குத் தென்படும் முன்பே, எழுந்து உடம்பை உதறி, நாவால் வாயைத் துழாவிக்கொண்டு வீதியோரத்துக்கு வந்து நிற்கும். விற்பனைக்காரர் நல்ல மனிதர். உடைந்த பணிஸ் துண்டு ஒன்றை அதற்கு எறிந்துவிட்டுப் போவார். ஒருநாள் அவருடைய ஒலிபெருக்கி பழுதுபட்டு வண்டி மௌனமாக வந்தபோது, நாய் படுத்த இடத்தை விட்டு எழவேயில்லை. மற்றொரு நாள் அயல்வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுப் பொருளொன்றிலிருந்து அதே இசை கிளம்பியபோது, அந்தப் பேதை ஓடிவந்து வெறும் வீதியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றது.

இந்தக் காட்சியை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம், இதே காட்சியிலிருந்துதான் சென்ற நூற்றாண்டின் மகத்தான விஞ்ஞானக் கிளையொன்று முளைத்தது என்பதும், அந்தச் சாஸ்திரம் சொல்லும் உண்மைகளை அறிந்துகொள்ளாமையால் நம் திருகோணமலை நகரத்தின் புள்ளிமான்கள் இன்று நம் கண்ணெதிரே சீரழிந்துகொண்டிருக்கின்றன என்பதுமாகும்.

ரஷ்ய தேசத்தில் ரியாஸான் என்னும் ஊரில் 1849இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த இவான் பாவ்லோவ், ஜீரண உறுப்புகளின் தொழிற்பாட்டை ஆராய்ந்து, அதற்காகவே 1904இல் நோபல் பரிசு பெற்றவர். நாயின் உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளத்தைக் கன்னத்தின் வெளிப்புறம் திறக்கும்படி செய்து, ஊறும் உமிழ்நீரைத் துளித்துளியாக எண்ணிக்கொண்டிருந்த அவருடைய பரிசோதனைச் சாலையில், ஒரு சிறு சங்கடம் அடிக்கடி நேர்ந்துகொண்டிருந்தது. உணவு நாவிலே படுவதற்கு முன்னரே, உணவுத் தட்டைக் கண்டவுடன், சில வேளைகளில் அதைக் கொண்டுவரும் பணியாளின் காலடியோசை கேட்டவுடன், நாய்களுக்கு உமிழ்நீர் சுரக்கத் தொடங்கிவிடும். வேறொருவராயின் கணக்கைக் குழப்பும் இடைஞ்சல் என்று இதனை ஒதுக்கியிருப்பார். பாவ்லோவோ, தம் பெருமைக்கு ஆதாரமாயிருந்த ஜீரண ஆராய்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் இந்த இடைஞ்சலின் பின்னாலேயே தம் ஆயுளின் எஞ்சிய காலமனைத்தையும் செலவிட்டார். மணியோசை என்று உலகம் முழுவதும் சொல்லிக்கொண்டாலும், அவர் பெரிதும் கையாண்டது தாளம் தட்டும் மெட்ரோனோம் முதலிய கருவிகளையே. தாளம் ஒலித்த சிறிது நேரத்தில் உணவு வருவது பலமுறை நிகழ்ந்தால், பின்பு தாளமொலி ஒன்றே உமிழ்நீரை வரவழைக்கப் போதுமானதாகிவிடுகிறது. நம் பாடநூல்கள் இதனை நிபந்தனைப்படுத்தல் என்றும் ஆக்கநிலையிறுத்தல் என்றும் பெயரிட்டு, பரீட்சைக்கு ஒரு பக்கமாகச் சுருக்கிவிட்டிருக்கின்றன. பரீட்சை முடிந்தவுடன் அந்தப் பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுவது பெரும் நஷ்டம் என்று நான் கருதுகிறேன்.

பாவ்லோவுக்குப் பின்வந்தோர் இந்த அறிவை மிகவும் நுட்பமாக்கினார்கள். இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தாற் போதும், அவற்றுக்கிடையே சம்பந்தம் பதிந்துவிடும் என்று முதலில் எண்ணினார்கள். அமெரிக்க அறிஞர் ராபர்ட் ரெஸ்கோர்லா 1968இல் எலிகளைக் கொண்டு செய்த பரிசோதனை அந்த எண்ணத்தைத் திருத்தியது. ஓர் ஒலி கேட்கும்போது மின்னதிர்ச்சி வருகிறது. ஒலி கேளாதபோதும் அதே அளவுக்கு வருகிறது என்றால், அந்த ஒலியைக் கண்டு எலி அஞ்சுவதில்லை. அந்த ஒலியினால் வருவது எதையும் முன்னறிய முடியாது என்பதை அச்சிறு பிராணி கணக்கிட்டுக்கொள்கிறது. எங்கள் ஒழுங்கை நாய் மற்ற வண்டிகளின் இரைச்சலைப் பொருட்படுத்தாமல் இந்த ஒரு சங்கீதத்துக்கு மாத்திரம் எழுவதன் காரணமும் இதுவே. பிராணிகள் இயந்திரங்களைப்போல எதையும் ஏற்றுக்கொள்பவை அல்ல. உலகத்தில் எது எதற்கு முன்னோடியாக வருகிறது என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டிருப்பவை.

அப்படி விசாரித்து அறியும் சக்தி படைத்த ஒரு ஜீவனுக்கு நாம் என்ன கற்பித்திருக்கிறோம் என்பதைப் பார்க்க விரும்புவோர், பிரட்ரிக் கோட்டையின் வாசலைக் கடந்து, சுவாமிமலையின் உச்சியில் விளங்கும் கோணேசர் ஆலயத்துக்கு ஏறும் பாதையிலே ஒரு முறை நடந்து பார்க்கட்டும். மரநிழலிற் கூட்டங்கூட்டமாகப் படுத்திருக்கும் புள்ளிமான்கள், யாத்திரிகர் கையிலே பை ஒன்று சரசரத்தவுடன் தலையுயர்த்திப் பார்க்கின்றன. சில எழுந்து வந்து, பயமென்பது சிறிதுமின்றி, பையை முகர்ந்து இழுக்கின்றன. காட்டில் ஒரு சருகு நொறுங்கினாலும் நாலுகாற் பாய்ச்சலில் மறையும் சுபாவமுடைய இந்த இனம், பொலித்தீன் சரசரப்பைக் கேட்டு ஓடுவதற்குப் பதிலாக அதனை நோக்கி வருகிறதென்றால், அந்தச் சரசரப்பு வாழைப்பழத்துக்கும் பிஸ்கட்டுக்கும் முன்னோடி என்பதை அது எத்தனை முறை அநுபவத்திலே கண்டிருக்க வேண்டும்! கோட்டைக்கு வெளியே, நகரத்தின் வீதிகளிலும் பஸ் நிலையத்தின் அயலிலும் குப்பையைக் கிளறி நிற்கும் மான்களைக் காண்பதும் இந்நகரவாசிகளுக்குப் புதிதன்று. வெளியூரிலிருந்து வருவோர் இதனைக் கண்டு, மனிதனும் மானும் அன்பினாற் கூடிவாழும் புண்ணிய பூமி என்று மெச்சிப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த மெச்சலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த மான் நம்மை நேசிப்பதால் அருகில் வருவதில்லை. வேப்பமரத்தடி நாய் பீத்தோவனை நேசிப்பதால் எழுந்து வருவதில்லை அல்லவா?

இறந்துபோன மான்களின் இரைப்பையிலிருந்து பொலித்தீன் சுருணைகள் எடுக்கப்பட்ட செய்திகளை நாம் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம். மான் அசைபோடும் பிராணி. அதன் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதலறையிற் புகுந்த பொலித்தீன் ஜீரணிக்கவும் மாட்டாது, எளிதில் மேற்செல்லவும் மாட்டாது. நாளுக்கு நாள் அது திரண்டு பந்தாகி இடத்தை அடைத்துக்கொள்ள, வயிறு நிறைந்தாற்போன்ற உணர்வோடு உடல் மெலிந்து மான் சாகிறது. இதைக் கேட்கும் பலர், இத்தனை புத்தியுள்ள பிராணி தனக்குத் தீங்கு செய்யும் பொருளைத் தின்னாதிருக்கக் கற்றுக்கொள்ளாதா என்று வினவுகிறார்கள். மிகவும் நியாயமான வினா இது. இதற்கான விடையும் அதே சாஸ்திரத்திலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் ஜான் கார்சியா என்னும் அறிஞர், இனிப்பு நீரைப் பருகிய எலிகளுக்குக் கதிரியக்கத்தாற் குமட்டலை உண்டாக்கினால், அவை அந்தச் சுவையையே பின்னர் வெறுத்துவிடுகின்றன என்பதை 1955இல் அறிவித்தார். குமட்டல் உண்டாவது பருகிய உடனே அன்று, சில மணி நேரத்துக்குப் பின்னர் என்றாலும், அந்த ஒரே அநுபவம் போதுமானதாயிருந்தது. 1966இல் அவரும் கோலிங் என்பவரும் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் விசித்திரமானது. நீரைப் பருகும்போது ஒரு சுவையையும், கூடவே ஒளியையும் ஓசையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்பு நோயுற்ற எலி சுவையையே குற்றஞ்சாட்டியது. மின்னதிர்ச்சி பெற்ற எலியோ ஒளியையும் ஓசையையும் குற்றஞ்சாட்டியது. வயிற்று நோய்க்கு வாய்ச்சுவையைக் காரணமாகக் கொள்வதும், தோலில் ஏற்படும் வலிக்குக் கண்ணாலும் காதாலும் அறிந்ததைக் காரணமாகக் கொள்வதும் பிராணியின் பிறவிக் குணமாக அமைந்திருக்கின்றன. விஷச் செடியை ஒரு முறை கடித்துப் பிழைத்த ஆடு மறுமுறை அதனைத் தீண்டாதது இந்த வல்லமையாலேயே.

இப்பொழுது நம் மானின் நிலையை எண்ணிப் பாருங்கள். பொலித்தீனுக்கென்று தனிச்சுவை இல்லை. அதில் ஒட்டியிருக்கும் சோற்றின், கறியின், பழத்தின் சுவையும் உப்புமே அதன் சுவை. பை வாய்க்கு வந்த அதே கணத்தில் உணவின் இன்பம் கிடைக்கிறது. தீங்கோ அன்று மாலையிலும் தெரிவதில்லை, மறுநாளும் தெரிவதில்லை. மாதக் கணக்கிற் சேர்ந்து சேர்ந்து வருகிறது. எந்தப் பையால் வந்த வேதனை இது என்று தேடிக் கண்டுபிடிக்க மானின் மூளைக்கு வழியே கிடையாது. கோடானுகோடி ஆண்டுகளாக நச்சிலையையும் நல்லிலையையும் பிரித்தறிந்து தன் இனத்தைக் காத்துவந்த கல்வி முறை, மனிதன் சமீபத்திலே செய்து எறிந்த ஒரு பொருளின் முன் செயலற்று நிற்கிறது. மான் மூடப் பிராணியாயிருப்பதால் சாகிறது என்று யாராவது சொன்னால், அது பெரும் அநீதியாகும்.

இனி, ஊட்டுவதை நிறுத்திவிட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் அல்லவா என்று சிலர் எளிதாகச் சொல்வார்கள். திரும்பும்; ஆனால் எளிதாக அன்று. தாளமொலிக்குப் பின் உணவு வராமலே பலமுறை போனால், நாயின் உமிழ்நீர் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடுவதைப் பாவ்லோவ் கண்டார். ஆனால் சிறிது காலம் விட்டுவைத்துப் பின்னொருநாள் அதே தாளத்தை ஒலிக்கச் செய்தபோது, உமிழ்நீர் தானாகவே மீண்டும் சுரந்தது. அடங்கியது அழியவில்லை என்பதே இதன் பொருள். பழைய பாடத்தின் மேல் புதிய பாடமொன்று எழுதப்படுகிறது. அடியிலுள்ள எழுத்து அப்படியே இருக்கிறது.

இந்த உண்மைக்கு இன்னொரு சாட்சியம், துறைமுகத்து மக்களாகிய நமக்கு நெஞ்சில் தைப்பது. 1924 செப்டெம்பர் மாதம் 23ஆம் திகதி நேவா நதி பெருக்கெடுத்து லெனின்கிராட் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பாவ்லோவின் நாய்கள் கூண்டுகளுக்குள்ளே மூக்களவு நீரில் தத்தளித்து, பணியாளர்களால் அரும்பாடுபட்டு மீட்கப்பட்டன. பிழைத்த நாய்களிற் சில, பல காலமாகக் கற்றிருந்தவற்றையெல்லாம் இழந்திருந்தன. அவற்றுள் ஒன்று நெடுநாட் பொறுமைக்குப் பின் தேறி வந்த நிலையில், அறைக் கதவின் கீழாகச் சிறிது நீரைக் கசிய விட்டபோது, அந்தச் சிறு நீரோட்டத்தைக் கண்ட மாத்திரத்தில் மீண்டும் கலங்கி, தேறியதனைத்தையும் இழந்துவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமிக்குப் பின் இந்தக் கரையிலே வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆண்டுகள் பல சென்ற பிறகும், இரவிலே கடலின் இரைச்சல் சற்று மாறிக் கேட்டால் எழுந்து விளக்கேற்றும் தாய்மார்களை நான் அறிவேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின் மேல் குண்டு வீசிய காலத்து மூத்தோரும், பின்வந்த யுத்த காலத்துப் பிள்ளைகளும் வானத்தில் எழும் ஓசைக்கு எப்படி அஞ்சினார்கள் என்பதையும் இந்நகரம் அறியும். நாமே இப்படியிருக்க, மான் தான் கற்றதை ஒரு மாதத்திலே மறந்துவிட வேண்டுமென்று எதிர்பார்ப்பது எவ்வாறு?

இதிலும் முக்கியமான ஒன்று இருக்கிறது. இக்கட்டுரையில் எதை மறந்தாலும் வாசகர்கள் இதை மறக்கலாகாது என்று வேண்டுகிறேன். தன் செயலுக்கு ஒவ்வொரு முறையும் உணவு கிடைத்துப் பழகிய பிராணி, உணவு நின்றவுடன் விரைவில் முயற்சியைக் கைவிடுகிறது. எப்போதாவது ஒரு தடவை, எப்போது என்று தெரியாதபடி கிடைத்துப் பழகிய பிராணியோ, நெடுங்காலம் சளைக்காமல் முயன்றுகொண்டே இருக்கிறது. பி. எஃப். ஸ்கின்னரும் பெர்ஸ்டரும் புறாக்களைக் கொண்டு நடத்திய எண்ணிறந்த பரிசோதனைகளை 1957இல் பெருநூலாகத் தொகுத்தபோது இது ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. ஆகவே, “நான் தினமுமா கொடுக்கிறேன், வருஷத்தில் ஒருநாள் கோயிலுக்கு வரும்போது ஒரு பழம் கொடுத்தாலென்ன?” என்று கேட்கும் அன்பரே, மானுக்கு மறக்கவொண்ணாத பாடத்தைப் புகட்டுவது உங்கள் அந்த ஒரு பழமேயாகும். நூறு பேர் கொடாமற் போக, நூற்றோராவது ஆளாக நீங்கள் கொடுத்தால், அந்த நூறு பேரின் கட்டுப்பாடும் வீணாகிவிடுகிறது.

யானைகளின் விஷயத்தில் இந்நாடு இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறது. உடவளவைத் தேசிய பூங்காவின் மின்வேலியோரத்திலே, வாகனங்களில் வருவோர் எறியும் பழங்களுக்காகக் காட்டு யானைகள் வீதியைப் பார்த்துக் காத்து நிற்பதைப் பலர் கண்டிருப்பார்கள். நம் கிழக்கு மாகாணத்திலேயே, அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காடு குப்பைமேட்டில் 2022 ஜனவரியில் இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, எட்டாண்டுகளில் அங்கே பொலித்தீன் தின்று மாண்டவை சுமார் இருபது என்று செய்தி வந்தது. யானையை விரட்ட எறியும் வெடியும் நாளடைவிற் பயனற்றுப் போகிறது. வெடிச்சத்தத்துக்குப் பின் எந்தத் தீங்கும் வருவதில்லை என்பதை யானை கற்றுக்கொண்டுவிடுகிறது. யானையும் மானும் கற்பதை நம்மால் தடுக்க முடியாது. எதைக் கற்கின்றன என்பது நம் கையில் இருக்கிறது.

கோயில் நகரமொன்றிலே வாயில்லா ஜீவனுக்கு உணவு கொடாதே என்று எழுதுவது எனக்கும் மனவருத்தம் தருவதே. பசுவுக்கு அகத்திக்கீரையும் காகத்துக்குச் சோறும் வைத்துவிட்டு உண்ணும் மரபில் வளர்ந்தவன் நான். ஜீவகாருண்யத்தைப் பரம தர்மமாகப் போதித்த வள்ளலாரை வணங்குபவன். ஆனால் காருண்யம் என்பது கொடுத்தவர் மனத்தில் எழும் திருப்தியினால் அளக்கப்படுவதன்று. பெற்ற ஜீவனுக்கு விளையும் நன்மையினால் அளக்கப்படுவது. நோயாளி கேட்கிறான் என்பதற்காக அபத்தியத்தைக் கொடுப்பவனை நாம் தயாளன் என்று சொல்வதில்லை.

வரட்சிக் காலத்திலே கோட்டைக்குள் புல் காய்ந்து மான்கள் பசியால் ஊருக்குள் வருகின்றன என்று ஆட்சேபிப்போரும் உண்டு. அந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. அதற்குப் பரிகாரம் வனசீவராசிகள் திணைக்களத்தாரின் மேற்பார்வையிலே நீருக்கும் புல்லுக்கும் வழி செய்வதேயன்றி, ஆளாளுக்குப் பை திறப்பதன்று. மான்களையெல்லாம் பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டுவிடலாம் என்ற யோசனையும் அவ்வப்போது எழுகிறது. பையின் சரசரப்பு உணவுக்கு அறிகுறி என்று கற்ற மான், அந்தக் கல்வியையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் போகும் என்பதை யோசனை சொல்வோர் கவனிக்க வேண்டும். செய்யத்தக்கது கடினமான காரியமன்று. மானின் வாய் எட்டாத மூடியுள்ள குப்பைத் தொட்டிகள் வேண்டும்; விடியுமுன்னரே குப்பை அகற்றப்பட வேண்டும்; கோட்டை வாசலில், ஊட்டக் கூடாது என்று மாத்திரமன்றி ஏன் கூடாது என்பதையும் மூன்று மொழிகளிலும் எழுதி வைக்க வேண்டும். மெல்லிய பொலித்தீன் பைகளையும் சோற்றுத் தாள்களையும் தடைசெய்யும் ஆணை 2017 செப்டெம்பர் முதலாம் திகதியே நடைமுறைக்கு வந்தது. தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டமோ 1937 முதல் இருந்துவருகிறது. சட்டத்துக்குக் குறைவில்லை, அதனை நடத்தும் உறுதிக்கே குறைவு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்க விரும்புகிறேன். நகரத்தார் அனைவரும் ஒருங்கே ஊட்டுவதை நிறுத்தும் அந்த முதற் சில வாரங்களில், மான்களின் தொந்தரவு குறைவதற்குப் பதிலாக மிகும். கிடைத்துவந்தது கிடையாமற் போகும்போது, கைவிடுவதற்கு முன் பிராணி தன் முயற்சியை ஒருமுறை உக்கிரப்படுத்தும் என்பது பரிசோதனைகளிற் கண்ட உண்மை. மான்கள் பையைப் பிடித்து இழுக்கும், கொம்பால் நெருக்கும், பின்தொடர்ந்து வரும். பார்க்கிறவர்கள் ‘ஐயோ, பாவம்’ என்பார்கள். அந்த வேளையில் மனமிளகி ஒருவர் கொடுத்தாலும், உக்கிரமாக நெருக்கினாற் கிடைக்கும் என்று இன்னும் கொடிய பாடம் ஒன்றை அவர் கற்பித்துவிடுவார். அந்தச் சில வாரங்களைத் தாங்கிக்கொள்வதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோணேசர் சந்நிதிக்குப் போகும் அன்பர்களே, கொண்டுபோகும் பழத்தை ஆலயத்திலேயே நிவேதனமாகக் கொடுத்துவிடுங்கள். மீந்ததைப் பையோடு வீட்டுக்கே கொண்டு வாருங்கள். வழியிலே மான் தலையுயர்த்திப் பார்த்தால், பையைத் திறவாமல் நடந்து செல்லுங்கள்.